குழாய்க்கு வயதாகிவிட்டதா? பழைய வீட்டுத் தண்ணீர் லைனை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

எங்கள் வீடு மதுரையில் 1987-ல் கட்டியது. அந்தக் காலத்து வழக்கப்படி முழுக்க ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), எல்லாம் சுவருக்குள் புதைத்தது. சில வருடங்களுக்கு முன் குளியலறைச் சுவரில் ஒரு கசிவு. பார்க்க வந்த பிளம்பர் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுவரை நாலு தட்டு தட்டிவிட்டு, "மொத்த லைனும் போச்சுண்ணே, வீடு முழுக்கக் கொத்திடலாம்" என்றார். பயந்துபோய் இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர், "ஒரே ஒரு எல்போ. காலையில வந்து மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்றார். செலவு குறைவு என்பதால் இவரை நம்பினேன். எல்போ, அதாவது வளைவில் இரண்டு பைப்பைச் சேர்க்கும் துண்டு, மாறியது. எட்டே மாதத்தில் அதே லைனில் மூன்றடி தள்ளி அடுத்த கசிவு.

அப்படியானால் முதல் ஆள் சொன்னதுதான் சரியா? அதுவும் இல்லை. கடைசியில் நாங்கள் மாற்றியது இரண்டு குளியலறை லைனையும், மோட்டாரிலிருந்து மாடி டேங்குக்கு ஏறும் லைனையும் மட்டும்தான். சமையலறைக்குப் போகும் ஜி.ஐ. பைப் இன்றைக்கும் அதே சுவருக்குள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வருடம் போட்டது, அதே கடையில் வாங்கியது. வித்தியாசம் உள்ளே ஓடிய தண்ணீரில். குளியலறைக்குப் போனது போர் உப்புத் தண்ணீர். சமையலறைக்குப் போனது மாநகராட்சித் தண்ணீர். அன்றிலிருந்து, "முப்பது வருஷம் ஆச்சு, மாத்திடுங்க" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. லைன் லைனாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன அறிகுறி காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான வழிதான் கீழே இருப்பது.

முதலில், சுவருக்குள் இருப்பது என்ன?

பைப் சுவரைவிட்டு வெளியே வரும் இடத்திலோ மாடி டேங்குக்கு அடியிலோ ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தம் போதும். ஒட்டினால் ஜி.ஐ. ஒட்டாமல், வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் பெரும்பாலும் பி.வி.சி. வகை. வெளுத்த சந்தன நிறம் என்றால் வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. பச்சை நிறத்தில் தடியாக இருந்தால் பி.பி.ஆர்., அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்.

ஜி.ஐ. என்பது இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு, அவ்வளவுதான். பூச்சு இருக்கும்வரை துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்த நாளிலிருந்து இரும்பு துருவேறும். பைப்பில் மஞ்சள் பட்டை போட்டிருந்தால் ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. அரை இஞ்ச் பைப்பில் இவற்றின் கனம் முறையே 2, 2.6, 3.2 மில்லிமீட்டர். பி கிளாஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு மஞ்சள் பட்டையைப் புதைத்த வீடுகள் நிறைய உண்டு. மொட்டை மாடியில் மீந்துபோன துண்டு ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டு ஜாதகம் அதில் இருக்கும்.

இன்னொரு விஷயம், இது கசிவு பற்றிப் பேசும்போது தேவைப்படும். பைப்பில் மரை வெட்டும்போது பூச்சும் போகிறது, கனத்தில் ஒரு பங்கும் போகிறது. ஆகவே ஜி.ஐ. லைன் பெரும்பாலும் மரையில்தான் முதலில் சாகும்.

அறிகுறி: தண்ணீர் நூலாக வருகிறது

எல்லோரும் உடனே "பைப் அடைச்சிருச்சு" என்று முடிவு கட்டுவது இதற்குத்தான். பத்தில் பாதி நேரம் பைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

10 லிட்டர் வாளியையும் போனில் ஸ்டாப்வாட்சையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகப் போங்கள். வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் சமையலறையில் ஒன்றேகால் நிமிடம், கீழ்க் குளியலறையில் நாலரை நிமிடம் வந்தது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு பிளம்பரிடம் பேசினால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் மெதுவா? முனையில் இருக்கும் ஃபோமரைக் கழற்றுங்கள். அந்த வலைக்குள் உப்பும் மணலும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். இரவு வினிகரில் ஊறப்போட்டு காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ஷவருக்கும் இதே வைத்தியம். அடுத்தது சுவரோடு ஒட்டியிருக்கும் ஆங்கிள் காக். அதை மூடித் திறந்து பாருங்கள். திருகு சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே போய்விட்டது. மாற்ற வேண்டியது அதை மட்டும்தான்.

பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது, வெந்நீர் மட்டும் மெதுவா? கீசரின் வாயிலில் உப்பு கட்டியிருக்கும். கீசர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாக் குழாயிலும் ஒரே நாளில் குறைந்ததா? எந்தப் பைப்பும் ஒரே நாளில் கிழமாவதில்லை. டேங்கைக் கழுவிய மறுநாள் என்றால் காற்று அடைத்திருக்கும். ஓரளவாவது நன்றாக வரும் ஒரு குழாயிலிருந்து ஹோஸ் வைத்து, வராத குழாயின் வாயில் இறுக்கிப் பிடித்து இரண்டையும் திறந்தால் காற்று மேலே ஏறிப் போய்விடும். ஒரு பக்கம் மாநகராட்சி நேரடி லைனும் மறு பக்கம் டேங்க் லைனுமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், இரண்டு தண்ணீரும் கலந்துவிடும். டேங்க் கழுவவும் இல்லை என்றால், டேங்குக்கு அடியில் இருக்கும் கேட் வால்வைச் சந்தேகப்படுங்கள். பித்தளை கேட் வால்வில் மேலே கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு கழன்று பாதி வழியில் விழுந்து கிடக்கும். எங்கள் தெருவில் ஒருவர் இதற்காக வீட்டையே கொத்தக் கிளம்பினார். ஒரு பால் வால்வோடு (உள்ளே உருண்டை வைத்த வால்வு) முடிந்தது.

மாடிப் போர்ஷனில் எப்போதுமே குறைவு என்றால் அது உயரக் கணக்கு. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் ஒரு கிலோ அழுத்தம். ஷவருக்கு மேலே டேங்க் ஐந்தடிதான் இருக்கிறது என்றால் கிடைப்பது 0.15 கிலோ. புதுப் பைப் போட்டாலும் அதே 0.15 தான். டேங்கைத் தூக்கி வையுங்கள்.

இத்தனையும் கழித்த பிறகு, ஒரு குறிப்பிட்ட லைனில் உள்ள எல்லாக் குழாயும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்திருந்தால், அது பைப்தான். அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் புதிதில் சுமார் 16 மில்லிமீட்டர். துருவும் உப்பும் ஏறி அது 8 ஆகிவிட்டால் தண்ணீர் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். இல்லை. உராய்வையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோதான் வரும். இதற்கு அமிலம் ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தத் துருதான்.

பிரஷர் பம்ப் மாட்டுவதும் இதே ரகம். நான் செய்த முட்டாள்தனம் இது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். முதல் கசிவை அடைத்துவிட்டு, தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று ஒரு பம்ப்பை மாட்டினேன். முதல் வாரம் ஷவரில் குற்றாலம். அப்புறம்தான் அந்த எட்டாவது மாதக் கசிவு. 0.3 கிலோ அழுத்தத்தில் முப்பது வருடம் படுத்துக்கிடந்த பைப்பில் ஒன்றரை இரண்டு கிலோவை ஏற்றினால் வேறென்ன நடக்கும்? பழைய ஜி.ஐ. லைனுக்குப் பம்ப் மாட்டாதீர்கள்.

அறிகுறி: தண்ணீர் சிவப்பாக வருகிறது

கண்ணாடி டம்ளர் இரண்டு போதும். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் முதல் தண்ணீரை ஒன்றில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவதில் பிடியுங்கள். இரண்டையும் அரை மணி நேரம் ஜன்னலோரம் வையுங்கள்.

முதல் டம்ளர் சிவப்பு, இரண்டாவது தெளிவு என்றால் இரவெல்லாம் நின்ற தண்ணீரில் பைப்பின் துரு இறங்கியிருக்கிறது. ஊருக்குப் போய்விட்டு வந்த அன்று மட்டும் இப்படி வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் வந்தால், அதுவும் வாளி அடியில் கடுகு கடுகாகத் துருச் செதில் விழுந்தால், பூச்சு தீர்ந்துபோய் வெகுநாளாகிவிட்டது என்று அர்த்தம். உடனே உடைக்க வேண்டியதில்லை. பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

இரண்டும் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்திருந்த அரை மணியில் இரண்டுமே மஞ்சளாகிச் சிவந்தால் பைப் குற்றவாளியே இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. பைப்பை மாற்றிவிட்டு அப்புறமும் சிவப்பாக வருகிறதே என்று தலையில் கை வைக்கும் கதை எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. இதற்கு வேண்டியது இரும்பு நீக்கும் வடிகட்டி.

இரண்டும் சிவப்பு, பிடிக்கும்போதே சிவப்பு என்றால் மேலே ஏறி டேங்குக்குள் பாருங்கள். டேங்கிலேயே வண்டல் சிவப்பாக இருந்தால் கோளாறு மோட்டாரிலிருந்து ஏறும் லைனில், அல்லது போருக்குள் இறங்கியிருக்கும் பைப்பில். வெந்நீரில் மட்டும் சிவப்பு என்றால் கீசரின் தொட்டி.

போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கடினத்தன்மைக்கு 200, 600. எங்கள் போரின் டி.டி.எஸ். 1,800-ஐத் தொட்டது. அந்தத் தாள் கைக்கு வந்தபோதுதான் குளியலறை லைன் ஏன் முதலில் செத்தது என்று புரிந்தது.

அறிகுறி: கசிவு

இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஒழுகுகிறது" அல்ல, "எங்கே ஒழுகுகிறது".

மரையில், அதாவது எல்போ, டீ, யூனியன் ஓரத்தில் கசிந்தால் அது இணைப்பின் கோளாறாக இருக்கலாம். சணலும் பெயின்ட்டும் வைத்து முறுக்கிய காலத்து இணைப்பு காய்ந்துபோயிருக்கும். அந்த எல்போவை மட்டும் மாற்றுவது நியாயமான வேலை. ஆனால் பைப் ரெஞ்சை மாட்டி ஒன்றைத் திருகும்போது பக்கத்து மரையில் முறுக்கு ஏறும். "ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு விடும்ணே" என்று பிளம்பர்கள் சொல்வது சாக்கு அல்ல. பழைய லைனில் நிஜமாகவே அப்படித்தான் நடக்கும். இரண்டு பக்கமும் ரெஞ்சு போட்டு, ஒன்றால் பிடித்துக்கொண்டு மற்றதால் திருகச் சொல்லுங்கள்.

பைப்பின் நடு உடம்பில், மரையே இல்லாத இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து தண்ணீர் பீச்சினால் நிலைமை வேறு. உள்ளேயிருந்து அரித்து அரித்து வெளியே வந்துவிட்டது. வெளியே ஒரு ஓட்டை தெரிந்தால் உள்ளே இன்னும் பத்து இடம் தாள் கனத்தில் நிற்கும். இந்த ஓட்டையில் எம்-சீல் வைத்து, ரப்பர் துண்டும் கிளாம்ப்பும் போட்டு இறுக்கலாம். தீபாவளி வரை ஓடும். எந்தத் தீபாவளி என்று கேட்காதீர்கள்.

அடுத்து, வெட்டி எடுத்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் எல்போவை மாற்றியபோது கழற்றிய துண்டை பிளம்பர் இடிபாட்டோடு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார், நானும் கவனிக்கவில்லை. இரண்டாவது முறை விடவில்லை. அரை அடித் துண்டு. வெளியே சிமென்ட் ஒட்டியிருந்ததே தவிர நல்ல இரும்பு மாதிரிதான் இருந்தது. உள்ளே பார்த்தால் கறையான் புற்று. காவி நிறத்தில் முண்டு முண்டாகத் துரு, நடுவில் கோணல்மாணலாக ஒரு துவாரம். பையனின் பென்சிலை நுழைத்துப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. துருவை ஆணியால் சுரண்டினேன். ஒரு இடத்தில் ஆணி அந்தப் பக்கம் வந்துவிட்டது. அதற்கு மேல் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியிருக்கவில்லை.

துண்டின் உள்ளே வெள்ளை உப்பு மட்டும் மெல்லிய ஏடாகப் படிந்து, சுரண்டினால் கீழே சாம்பல் நிறப் பூச்சு பளிச்சென்று தெரிந்தால் அந்த லைனுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. எங்கள் சமையலறை லைனில் ஒரு குழாயை மாற்றும்போது பார்த்த நிப்பிள் (இரு முனையிலும் மரை வெட்டிய குட்டைப் பைப் துண்டு) அப்படித்தான் இருந்தது. அதனால்தான் அதைத் தொடவில்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரே லைனில் ஒரு வருடத்துக்குள் வெவ்வேறு இடத்தில் இரண்டாவது கசிவு வந்தால் அந்த லைனை முழுதாக மாற்றுவது. நடு உடம்பில் ஓட்டை என்றால் இரண்டாவதுக்குக் காத்திருப்பதில்லை. மரையில் ஒரு கசிவு, துண்டும் நன்றாக இருக்கிறது என்றால் அடைத்துவிட்டு மறந்துவிடுவது.

அறிகுறி: சுவரில் ஓதம், கூரையில் ஈரம்

பெயின்ட் உப்பிப் பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்கிறதா? தண்ணீர் லைனா, கழிவு லைனா, தரையா என்று பிரிக்காமல் உளியை எடுக்க விடாதீர்கள்.

அந்தக் குளியலறைக்கு வரும் வால்வை மூடிவிட்டு இரண்டு மூன்று நாள் வேறு குளியலறையைப் பயன்படுத்துங்கள். ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஈரம் கோட்டைவிட்டு உள்ளே சுருங்கினால், அடுத்ததாக வால்வைத் திறந்து வையுங்கள், ஆனால் அங்கே யாரும் குளிக்க வேண்டாம். குளிக்காமலே மறுபடி ஈரம் பரவினால் தண்ணீர் பைப். குளித்தால்தான் பரவுகிறது என்றால் டைல்ஸ் இடுக்கு, தரைக் குழி, கழிவு பைப் இவற்றில் ஒன்று.

அதை உறுதிப்படுத்தத் தரைக் குழியைத் துணியால் அடைத்து, ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிடுங்கள். கீழ் வீட்டுக் கூரையில் நீலம் தெரிந்தால் தரை. கீழ் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உறவுக்கு நல்லது.

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை மட்டும், வீட்டைச் சுற்றி எல்லாச் சுவரிலும் ஓதம் என்றால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். பிளம்பருக்கு அங்கே வேலை இல்லை.

அறிகுறி: யாரும் தொடாமலே டேங்க் இறங்குகிறது

இரவு பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடி, டேங்குக்குள் ஒரு குச்சியை இறக்கித் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். காலையில் முதல் ஆள் எழுவதற்கு முன் மறுபடி குறியுங்கள். டேங்கின் உள் ஆரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, பிறகு பத்தால் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 1.1 மீட்டர் அகலமுள்ள டேங்க் என்றால் சுமார் ஒன்பதரை லிட்டர்.

மட்டம் இறங்கியிருந்தால் முதலில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். அதிலும் சொட்டு நீலம் விடலாம். தள்ளாமலே பேசினுக்குள் நீலம் வந்தால் வாஷர் போயிருக்கிறது. வெளியே தெரிந்து சொட்டும் குழாயையும் இளப்பமாக நினைக்க வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். இரண்டிலும் இல்லை என்றால் அடுத்த இரவு டேங்கடி வால்வை மூடிப் பாருங்கள். அப்போது இறங்கவில்லை என்றால் புதைந்த லைனில் எங்கோ போகிறது. வால்வை மூடியும் இறங்கினால் டேங்கிலோ டேங்க் நிப்பிளிலோ விரிசல்.

அறிகுறி: சாக்கடை நாற்றம்

இதில் மட்டும் பணம் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு, பல தெருக்களில் சாக்கடையைக் கடந்துதான் வருகிறது. நமக்குத் தண்ணீர் வருவது முறை வைத்து. வராத நேரத்தில் பைப் காலியாகக் கிடக்கும், ஓட்டை இருந்தால் வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே இறங்கும். தண்ணீர் விட்ட முதல் சில நிமிடம் நாற்றமும் கலங்கலுமாக வந்து பிறகு தெளிந்தால் இதுதான் அறிகுறி. தெளிந்த பிறகு வரும் தண்ணீரையும் அப்படியே குடிக்காதீர்கள், கொதிக்க வையுங்கள். பக்கத்து வீடுகளில் கேளுங்கள். எல்லோருக்கும் என்றால் தெரு லைன், உங்களுக்கு மட்டும் என்றால் உங்கள் இணைப்பு. இரண்டுக்கும் மாநகராட்சியில் எழுதிக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். தெருவை நீங்களே தோண்ட முடியாது. சம்ப்பைக் கழுவிக் குளோரின் போடாமல் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றாதீர்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

விரலில் மை போல ஒட்டும் கருப்புத் துகள் வந்தால், வாஷ்பேசினுக்கு அடியிலுள்ள வளையும் கனெக்‌ஷன் டியூபின் உள் ரப்பர் கரைகிறது. டியூபை மாற்றுங்கள். மோட்டாரை நிறுத்தும்போது சுவருக்குள் "டொம்" என்று இடித்தால், ஏறும் லைனின் தண்ணீர் திரும்பி அடிக்கிறது. தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வையும் சுவர் கிளாம்ப்பையும் பாருங்கள். டேங்க் நிரம்ப முன்பைவிட நேரமாகிறது என்றால் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு, போரின் நீர்மட்டம், பிறகுதான் பைப்.

அறிகுறி: மொட்டை மாடி வெள்ளை பைப் வெளுத்து, தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பதால் சாகாது என்று நினைக்கிறோம். நம் ஊர் வெயில் அதைக் காய்ந்த எலும்பாக்கிவிடும். சில வருடம் நின்ற பைப்பில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் சடக்கென்று முறியும். மாவு ஒட்டத் தொடங்கியிருந்தால் தெற்கு, மேற்கு வெயில் படும் பகுதியை மட்டும் மாற்றி, தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். நிழலில் இருக்கும் மீதி லைன் நன்றாகத்தான் இருக்கும்.

சி.பி.வி.சி. லைனில் பைப் கெடுவது குறைவு, கெடுவது மரை வைத்த பிளாஸ்டிக் இணைப்பு. குழாயைச் சேர்க்கும்போது அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள், இரண்டு வருடம் கழித்து மயிரிழை விரிசல் விடும். உள்ளே பித்தளை மரை வைத்த இணைப்பாக மாற்றினால் தீர்ந்தது. வெந்நீர் லைனில் வெள்ளை பி.வி.சி. இருந்து, கீசர் பக்கம் அது வளைந்து தொங்கினால் யோசிக்கவே வேண்டாம், அது அங்கே இருந்திருக்கவே கூடாத பைப். சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். பி.வி.சி.க்கு அதெல்லாம் ஆகாது.

அறிகுறி: குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது

மெயினை அணையுங்கள். பிளம்பரை அல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய வீடுகளில் எர்த் கம்பியை ஜி.ஐ. பைப்பில் சுற்றிவிட்டுப் போன எலக்ட்ரீஷியன்கள் ஏராளம். அந்தப் பைப் மண்ணுக்குள் போவதால் ஏதோ எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஜி.ஐ.யை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் கீசரின் எர்த் அந்த நிமிடமே காணாமல் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. எனவே லைனை மாற்றும் முன் எர்த் கம்பி எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். தனி எர்த் குழியும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் பைப் வேலையைத் தொடங்க வேண்டாம். எங்கள் வீட்டில் எர்த் கம்பி போய் முடிந்த இடம், நாங்கள் வெட்டி எறியப் போகிற அதே குளியலறை லைன்.

மாற்றுவது என்று முடிவானால்

பழைய பைப்பைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் பிளக் போட்டு அடக்கம் செய்துவிட்டு, புது லைனை வெளிச்சுவரில் கொண்டுபோய், தேவையான இடத்தில் மட்டும் துளை போட்டு உள்ளே விடலாம். செலவில் பெரும்பங்கு பைப் அல்ல, கொத்துவதும் பூசுவதும் டைல்ஸும்தான். வெளியே போகும் லைன் பார்க்க அழகாக இருக்காது என்று வீட்டில் சண்டை வரும். அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லிப் பாருங்கள். குளியலறைக்கு டைல்ஸ் மாற்றப் போகிறீர்கள், பைப் பாதி வயதில் இருக்கிறது என்றால் அப்போதே சேர்த்து மாற்றிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி பால் வால்வு வையுங்கள். 1987-ல் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வால்வுதான். ஒரு எல்போவுக்காக வீடே ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. குடிநீர் லைனுக்குப் பைப் வாங்கும்போது ஈயம் கலக்காதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பி.வி.சி. பைப்பில் ஈயத்தைக் குறைக்க மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. கடையில் பழைய சரக்கும் கிடக்கலாம்.

சொல்யூஷன் போட்டு ஒட்டிய பிறகு ஒரு நாள் காயவிட்டு, கை பம்ப்பால் பிரஷர் ஏற்றி, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று இரவு பார்த்து, காலையில் பாருங்கள். முள் இறங்காத பிறகுதான் பூச்சு. "நாங்க போட்ட ஜாயின்ட்டு ஒழுகாது சார்" என்பதை அன்போடு கேட்டுக்கொண்டு, பம்ப்பை வாடகைக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துவிடுங்கள், தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று எண் தெரியும்படி. போன மாதம் துண்டு போடும் கம்பி மாட்ட வந்த பையன் ட்ரில்லை வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து அந்தப் படத்தைத் தேடினேன். சரியாகப் பைப்பின் மேலேயே வைத்திருந்தான். நாலு இஞ்ச் தள்ளி மாட்டினோம்.